வவுச்சர் போட்டவரே பாஸ் பண்ணலாமா?

ஜனவரி 25ஆம் தேதி ராத்திரி எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவைப் பார்க்க வேண்டும். பத்ம விருதுப் பட்டியல் வந்த ஐந்தாவது நிமிடத்தில் கணக்கெடுப்பு ஆரம்பித்துவிடும். "நம்ம ஆளுங்க எத்தனை பேரு?", "கேரளாவுக்கு எத்தனை?", "இவரு பேரு தமிழ்ப் பேரு மாதிரி இருக்கே, எந்த ஊரு?" டெல்லிக்கு வந்து பதினைந்து வருஷமாகிவிட்டது, இந்தக் கணக்கு மட்டும் ஒரு வருஷமும் தவறியதில்லை. கர்நாடக இசைக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, கிராமத்தில் குளம் வெட்டியவருக்கு ஒன்று என்று வரும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். பொய் சொல்லவில்லை.

ஒரு வருஷம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். "கலைஞருக்கு, டாக்டருக்கு, விஞ்ஞானிக்குக் கொடுக்கறது சரி. அமைச்சரா இருந்தவருக்கும் தூதரா இருந்தவருக்கும் எதுக்கு? அவங்களுக்கு நாம ஏற்கெனவே பதவி கொடுத்தாச்சே?"

அவ்வளவுதான். "உங்களுக்கு வரலைன்னு வயித்தெரிச்சலா சார்?" என்று ஒருவர். "தேசத்துக்கு உழைச்சவங்களைக் கேலி பண்ணாதீங்க" என்று இன்னொருவர். கோவில்பட்டிக்காரர் ஒருவர், என் சொந்த ஊர்க்காரர், "தம்பி, பேங்க்ல வேலை ஜாஸ்தியோ" என்று தனியாகக் கேட்டார்.

வயிற்றெரிச்சலுக்கு இடமே இல்லை என்பதுதான் வேடிக்கை. நான் பொதுத்துறை வங்கி அதிகாரி. பத்ம விருது விதிமுறையைப் படித்துப் பாருங்கள். பணியில் இருக்கும் அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவன ஊழியர்கள் உட்பட, விருதுக்குத் தகுதியற்றவர்கள். டாக்டர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் மட்டும்தான் விலக்கு. அதாவது நான் நாளைக்கே வங்கிக் கவுண்டரில் நின்றபடி உலக அதிசயம் எதையாவது செய்தாலும், ரிடையர் ஆகும்வரை எனக்குக் கிடையாது. காரணமும் நியாயமானதுதான். அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிறவனுக்கு அரசாங்கமே மெடல் குத்தினால், அவன் வேலையைப் பார்க்காமல் மேலிடத்து முகத்தைப் பார்ப்பான்.

சரி, அந்த நியாயம் என் அமைச்சருக்கு ஏன் பொருந்தாது? பிரணாப் முகர்ஜிக்கு 2008இல் பத்ம விபூஷண் கிடைத்தது. அப்போது அவர் பதவியில் இருந்த வெளியுறவுத் துறை அமைச்சர். அமைச்சரவை அவருடையது, உடன் உட்கார்ந்திருக்கும் பிரதமர்தான் பட்டியலைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்புகிறவர். மனிதர் உழைப்பாளி, நினைவாற்றலில் புலி, அதில் சந்தேகமில்லை. என் கேள்வி அவரைப் பற்றியதே இல்லை. கிளார்க்குக்கு ஒரு சட்டம், கேபினட்டுக்கு ஒரு சட்டமா என்பதுதான்.

குழுவில் இதை நாலு வரியில் சொல்ல முடியாது. அதனால் இங்கே விரிவாக.

முதல் பட்டியலிலேயே ஆரம்பித்தது

எங்கள் ஆபீஸ் வேலையாக மத்திய டெல்லிக்குப் போகும்போதெல்லாம் கிருஷ்ண மேனன் மார்க் வழியாகப் போவேன். இந்தியத் தலைமை நீதிபதியின் அதிகாரப்பூர்வ இல்லம் இருக்கும் தெரு. நிறைய பேருக்கு இந்த மேனன் யார் என்றே இப்போது தெரியாது. நம் பிள்ளைகளுக்குச் சுத்தமாகத் தெரியாது.

வி.கே. கிருஷ்ண மேனன். கோழிக்கோட்டில் 1896இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். லண்டனுக்குப் போய் இந்தியா லீக் நடத்தி, இந்திய விடுதலைக்காக வெள்ளைக்காரனின் ஊரிலேயே நின்று வாதாடியவர். பெலிகன் புத்தக வரிசையின் தொடக்க கால ஆசிரியர்களில் ஒருவர். லண்டனில் செயின்ட் பாங்க்ராஸ் என்ற பகுதிக்குப் பல வருஷம் கவுன்சிலராக இருந்து நூலக வேலை பார்த்தவர். 1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் ஹை கமிஷனராக லண்டனில் அமர்ந்தார், 1952 வரை. அப்புறம் ஐ.நா. சபையில் இந்தியாவின் குரல். கொரியப் போரில் போர்க் கைதிகள் பிரச்சினையைத் தீர்க்க இந்தியா கொண்டுவந்த யோசனைக்குப் பின்னால் அவர் மூளை இருந்தது. 1953இல் நம்ம சென்னை ராஜ்யத்திலிருந்து ராஜ்யசபை உறுப்பினரும் ஆனார். ஆக, அரசியல்வாதி, தூதர் இரண்டும்.

1954 ஜனவரி 2ஆம் தேதி பாரத ரத்னாவும் பத்ம விபூஷணும் ஏற்படுத்தப்பட்டன. பத்ம விபூஷணின் முதல் வகுப்பில் அந்த ஆண்டு ஆறே பேர். விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸ், ஓவியர் நந்தலால் போஸ், கல்வியாளர் ஜாகிர் உசேன், பூட்டான் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக், பி.ஜி. கேர், அப்புறம் கிருஷ்ண மேனன்.

இதில் பி.ஜி. கேர் யார்? பம்பாய் மாகாண முதல்வராக இருந்துவிட்டு, 1952இல் கிருஷ்ண மேனன் எழுந்த அதே லண்டன் நாற்காலியில் போய் உட்கார்ந்தவர். 1954 வரை ஹை கமிஷனர். அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்குப் போனவர் விஜயலட்சுமி பண்டிட், பிரதமரின் தங்கை. அவருக்கு 1962இல் பத்ம விபூஷண். ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்த மூன்று பேருக்கும் ஒரே விருது. மூன்று பேரையும் அனுப்பியவர் ஒரே பிரதமர், வெளியுறவுத் துறையையும் தன் கையிலேயே வைத்திருந்த பிரதமர். அனுப்பியதும் அவர், அவர் வேலை நன்றாக இருந்தது என்று சான்று தந்ததும் அவர் தலைமையில் நடந்த அரசு.

வங்கியில் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லித் தருவது ஒன்றே ஒன்று. வவுச்சர் போட்டவர் அதை பாஸ் பண்ணக் கூடாது. மேக்கர் ஒருவர், செக்கர் ஒருவர். நீங்கள் அரிச்சந்திரனாகவே இருந்தாலும் சரி, உங்கள் ஐ.டி.யில் போட்ட என்ட்ரியை உங்கள் ஐ.டி.யில் ஆதரைஸ் பண்ண கம்ப்யூட்டர் விடாது. உங்கள் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது என்று அர்த்தம். 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 20ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு வங்கி தன் இயக்குநர்களுக்கே கடன் கொடுக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்ட அதே ஆட்சிக்கு, ஐந்தே வருஷத்தில் விருது விஷயத்தில் அந்த ஞானம் எங்கே போனது?

ஜெனரேட்டரும் ஜீப்பும்

இப்போது கொஞ்சம் சொந்தக் கதை. பல வருஷம் முன்பு வேறொரு மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தேன். என் மேனேஜர் நேர்மையான மனிதர். கோடைக்காலம், நாளுக்கு ஆறு மணி நேரம் கரன்ட் இல்லை, கம்ப்யூட்டர் ஓடவில்லை, வாசலில் பென்ஷன்காரர்கள் கூட்டம். மூன்று கொட்டேஷன் வாங்க நேரமில்லாமல், பக்கத்து டவுனிலிருந்து ஒரு பழைய ஜெனரேட்டரை வாங்கிப் போட்டுவிட்டார். ஜெனரேட்டர் அருமையாக ஓடியது. ஆனால் ஆடிட்டில் எழுதிவிட்டார்கள்: விதிமுறை மீறல். விஜிலென்ஸுக்குப் போனது. அந்த வருஷம் அவருடைய பிரமோஷன் ரிசல்ட் சீல் வைத்த கவரில் போய்விட்டது. மூன்று வருஷம் கழித்துக் குற்றமில்லை என்று கவரைப் பிரித்தார்கள். அதற்குள் ஜூனியர்கள் எல்லாம் மேலே போயிருந்தார்கள். ஒரு நாள் டீ குடிக்கும்போது, "ஆறு மணி நேரம் ஜெனரேட்டர் ஓடிச்சு தம்பி, அது போதும்" என்றார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த விருது.

விதியை நான் குறை சொல்லவில்லை. ஆடிட் கேள்வி நிலுவையில் இருந்தால் பிரமோஷன் நிற்கும். சரி.

இனி 1948. காஷ்மீரில் சண்டை. ராணுவத்துக்கு ஜீப் தேவை, அவசரம். லண்டனில் ஹை கமிஷனராக இருந்த கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி ஒரு வெளிநாட்டு நிறுவனத்துடன் சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். பெரும் பகுதிப் பணம் முன்கூட்டியே போய்விட்டது. வந்து சேர்ந்தவை 155 ஜீப்கள். அவையும் ஓடும் நிலையில் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் குற்றச்சாட்டு என்று இதைத்தான் சொல்வார்கள். நாடாளுமன்றத்தில் புயல். அனந்தசயனம் ஐயங்கார் தலைமையிலான விசாரணைக் குழு, இதை நீதி விசாரணைக்கு விட வேண்டும் என்றது.

அந்தக் கோப்பு எப்போது மூடப்பட்டது தெரியுமா? 1955 செப்டம்பர் 30ஆம் தேதி. உள்துறை அமைச்சர் கோவிந்த் வல்லப பந்த், விசாரணைக் குழுவின் யோசனையை ஏற்காமல், அரசைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது என்று அறிவித்தார். விருது எப்போது? 1954இல்!

ஆடிட் கேள்வி திறந்தே கிடக்கிறது, ஆனால் நாட்டின் இரண்டாவது பெரிய விருது கொடுத்தாயிற்று. என் மேனேஜருக்கு ஓடிய ஜெனரேட்டருக்காக சீல் வைத்த கவர். ஹை கமிஷனருக்கு ஓடாத ஜீப்புக்கு நடுவிலேயே பத்ம விபூஷண்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிருஷ்ண மேனன் ஒரு காசு எடுத்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. டீயும் பிஸ்கட்டுமாக வாழ்ந்த மனிதர் என்றுதான் எதிரிகளும் எழுதினார்கள். அவரைத் திருடன் என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். நான் சொல்வது வேறு. விசாரணை நடந்து அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்திருந்தால், அவர் தலைநிமிர்ந்து அந்த விருதை வாங்கியிருக்கலாம். அவசரப்பட்டுக் கொடுத்த விருது அவருடைய நல்ல பெயரையும் சேர்த்துக் கெடுத்தது. இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னால் ஐ.நா.வில் பேசியது ஒருவருக்கு நினைவு வந்தால், ஜீப் பத்து பேருக்கு நினைவு வருகிறது.

கதை அங்கே முடியவில்லை. 1956 பிப்ரவரியில் அவர் மத்திய அமைச்சர். 1957இல் பாதுகாப்பு அமைச்சர். அதே வருஷம் ஐ.நா. பாதுகாப்பு சபையில் காஷ்மீருக்காகக் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் பேசினார். 1962இல் சீனப் போர். ராணுவம் தயாராக இல்லை என்ற கோபத்தில் அவர் பதவி போனது.

பி.காம் படித்தவனாக எனக்கு இதைப் பார்த்தால் ஒரே ஒரு விஷயம்தான் தோன்றுகிறது. கணக்காண்டு முடியவில்லை, பாலன்ஸ் ஷீட் போடவில்லை, ஆடிட்டர் கையெழுத்து இல்லை, அதற்குள் டிவிடெண்ட் அறிவித்துவிட்டார்கள். ஓவியர் நந்தலால் போஸுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவர் வரைந்த படம் சுவரில் இருக்கிறது, பார்த்துவிட்டு விருது கொடுக்கலாம். அரசியல்வாதியும் தூதரும் செய்யும் வேலை பத்து, இருபது வருஷம் கழித்துத்தான் விளைச்சலா பதரா என்று தெரியும். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு கையெழுத்திட்ட நாளில் தெரியாது.

சங்கிலி மாதிரி

இந்த 1954 பட்டியலை வைத்துக்கொண்டு இழுத்தால் சங்கிலி மாதிரி வருகிறது.

ஜீப் கோப்பை மூடிய கோவிந்த் வல்லப பந்த்துக்கு 1957இல் பாரத ரத்னா. அப்போது அவர் பதவியில் இருந்த உள்துறை அமைச்சர். பத்ம விருது வேலைகளைப் பார்ப்பது எந்தத் துறை? உள்துறைதான். கோப்பை மூடியதற்குப் பரிசு என்று நான் சொல்லவே இல்லை. பந்த் விடுதலைப் போரில் தடியடி பட்டவர், உத்தரப் பிரதேசத்தைக் கட்டியவர். ரிடையர் ஆன பிறகு கொடுத்திருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

1955இல் நேருவுக்குப் பாரத ரத்னா, பிரதமராக இருக்கும்போதே. பிரதமரின் பரிந்துரை இல்லாமல் தானாகவே கொடுப்பதாகக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் சொன்னார். நம்புகிறேன். ஆனால் பரிந்துரை இல்லாமல் கொடுத்ததாகத் தனியாக ஒரு விளக்கம் சொல்ல வேண்டி வந்ததே, அதுவே போதாதா? இந்திரா காந்திக்கு 1971இல், அவரும் பிரதமராக இருக்கும்போதே.

இன்னொரு கண்ணி. 1962 பொதுத் தேர்தலில் வடக்கு பம்பாய் தொகுதியில் கிருஷ்ண மேனனை எதிர்த்து நின்று தோற்றவர் ஆச்சாரிய கிருபளானி. சுதந்திரம் வந்தபோது காங்கிரஸ் தலைவராக இருந்தவர். அதே கிருபளானி 1969இல் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார்: இந்த அரசு விருதுகளையே ஒழித்துவிடுங்கள் என்று. மசோதா தோற்றது. ஆனால் அவர் கேட்ட கேள்வி தோற்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ராணுவம், கல்வி சார்ந்த சிறப்புகளைத் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. ராவ் பகதூர்களையும் திவான் பகதூர்களையும் பார்த்து நொந்தவர்கள் எழுதிய பிரிவு அது. அது அமலுக்கு வந்து நாலு வருஷம் முழுசாக முடியவில்லை, பத்மம் வந்துவிட்டது.

1977இல் ஜனதா ஆட்சி விருதுகளை நிறுத்தியது. 1980இல் இந்திரா காந்தி திரும்பி வந்ததும் விருதுகளும் திரும்பி வந்தன. நிறுத்திய பிரதமர் மொரார்ஜி தேசாய்க்கே 1991இல் பாரத ரத்னா கொடுத்தார்கள், அவரும் வாங்கிக்கொண்டார். இதைவிட நக்கல் உண்டா?

1995இல் பாலாஜி ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முடிவு சொன்னது. இவை பட்டம் இல்லை, விருது. ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது. அதற்கப்புறமும் நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையிலும் சினிமா டைட்டிலிலும் 'பத்மஸ்ரீ' ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது தனிப் பதிவுக்கான விஷயம், விடுங்கள்.

வேண்டாம் என்றவர்கள்

"எல்லாரும் வாங்கத்தானே செய்யறாங்க" என்று குழுவில் ஒரு நண்பர் எழுதினார். இல்லை சார், எல்லாரும் வாங்கவில்லை.

மௌலானா அபுல் கலாம் ஆசாத். நேருவின் அமைச்சரவையில் கல்வி அமைச்சர். பாரத ரத்னா கொடுக்க வந்தபோது, தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் வாங்கக் கூடாது என்று மறுத்தார். அவர் இறந்து முப்பத்து நாலு வருஷம் கழித்து, 1992இல்தான் கொடுத்தார்கள். மேக்கர்-செக்கர் விதி அவருக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருக்கிறது.

பி.என். ஹக்ஸர். வெளியுறவுப் பணியிலிருந்து வந்து இந்திரா காந்தியின் வலது கையாக இருந்தவர். 1971 வங்கதேசப் போர்க்காலத்தில் டெல்லியில் முக்கியமான மூளை. மாணவராக லண்டனில் இருந்தபோது கிருஷ்ண மேனனின் இந்தியா லீக்கில் வேலை பார்த்தவர். 1973இல் பத்ம விபூஷண் வந்தது. செய்த வேலைக்கு விருது வாங்குவது மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று எழுதி மறுத்துவிட்டார். குருவுக்குக் கிடைத்த அதே விருதைச் சிஷ்யர் வேண்டாம் என்றார்.

மூன்றாவது ஆள் நம்ம திருச்சிக்காரர். கே. சுப்பிரமணியம். ஐ.ஏ.எஸ். அதிகாரி, இந்தியாவின் பாதுகாப்புச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், கார்கில் மறுஆய்வுக் குழுவின் தலைவர். 1999இல் பத்ம பூஷண் அறிவித்தபோது மறுத்தார். அரசு அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசிடம் விருது வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதிகாரி என்றால் ஆதரவாக நடந்துகொள்வார், பத்திரிகையாளர் என்றால் ஆதரவாக எழுதுவார் என்ற சந்தேகமே வரக் கூடாது.

அவர் மகன் எஸ். ஜெய்சங்கர். வெளியுறவுச் செயலாளராக இருந்து 2018இல் ஓய்வு பெற்றார். 2019இல் பத்மஸ்ரீ. அதே வருஷம் மே மாதம் வெளியுறவுத் துறை அமைச்சர். விருது அறிவித்தபோது அவர் பதவியில் இல்லை, விதிப்படி எல்லாம் சரி. அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரே வீட்டில், இருபது வருஷ இடைவெளியில், ஒரே கேள்விக்கு இரண்டு பதில். விருது வாங்கிய நாலு மாதத்தில் அதே அரசில் அமைச்சர் என்றால், ஊர் என்ன பேசும் என்பதை அப்பா 1999லேயே யோசித்துவிட்டார். நம் பிள்ளைகளுக்குத் திருச்சி என்றதும் மலைக்கோட்டையோடு அந்த மறுப்பையும் சொல்லித் தரலாம்.

நம்ம ஊர்க் கணக்கு

இதில் நாம் மட்டும் யோக்கியர்கள் இல்லை. காமராஜருக்குப் பாரத ரத்னா 1976இல். அவர் உயிரோடு இருந்தபோது கொடுக்கவில்லை, நெருக்கடி நிலைக் காலத்தில், மறைந்த அடுத்த வருஷம் கொடுத்தார்கள். எம்.ஜி.ஆருக்கு 1988இல், மறைந்த அடுத்த மாதமே. அப்போது அம்பேத்கருக்குக் கொடுத்திருக்கவில்லை (1990), படேலுக்குக் கொடுத்திருக்கவில்லை (1991). எம்.ஜி.ஆர். மேல் உயிரையே வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் அம்மா அந்தச் செய்தியைக் கேட்டு அழுதார்கள். ஆனால் தமிழ்நாட்டில் தேர்தல் வரப்போகிறது என்பது கொடுத்தவர்களுக்கு மறந்திருக்கும் என்று நம்ப எங்கள் அம்மாவே தயாராக இல்லை. 2024 பொதுத் தேர்தல் ஆண்டு, அந்த ஆண்டு மட்டும் ஐந்து பாரத ரத்னா. ஆண்டுக்கு மூன்றுக்கு மேல் கூடாது என்பது வழக்கம். ஐந்து பேரில் நாலு பேர் அரசியல்வாதிகள். மீதி ஒருவர் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன், கும்பகோணத்தில் பிறந்தவர். நம் குழுவில் அவரை மட்டும் எண்ணிவிட்டுக் கைதட்டினோம்.

கட்சி வித்தியாசமே இல்லை பாருங்கள். காங்கிரஸ் கொடுத்தாலும் இப்படித்தான், பா.ஜ.க. கொடுத்தாலும் இப்படித்தான். அதனால் என்னை எந்தப் பக்கத்து ஆள் என்று தேட வேண்டாம். நான் ஆடிட் பக்கத்து ஆள் :-)

சுவர்க் கடிகாரம்

"அப்படின்னா அரசியல்ல, தூதரகத்துல நல்லது செஞ்சவங்களுக்கு மரியாதையே வேண்டாமா?" இது நியாயமான கேள்வி.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம். 1960களில் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் முடித்துவிட்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டெல்லி வந்து இறங்கிய தலைமுறை. கரோல் பாக்கில் ஒரே அறையில் ஆறு பேராக இருந்து, சவுத் பிளாக்கில் முப்பத்தைந்து வருஷம் தட்டச்சு செய்தவர். எத்தனை தூதர்களின் கடிதம், எத்தனை ஒப்பந்தத்தின் வரைவு அவர் விரல் வழியாகப் போயிருக்கும்! ஒரு கமா தப்பானால் வெளிநாட்டில் சிரிப்பார்கள் என்று ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து திருத்தியவர். ரிடையர் ஆன அன்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்களாம். இன்னும் அவர் வீட்டுக் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. "உங்களுக்கு வருத்தம் இல்லையா மாமா?" என்று கேட்டேன். "வேலைக்கு சம்பளம் குடுத்தா. மேலே மணி பார்க்கக் கடிகாரமும் குடுத்தா. வேற என்னப்பா வேணும்?" என்றார்.

டெல்லியில் அப்படி எத்தனை வீட்டில் கடிகாரம் ஓடுகிறது! நம் அப்பாக்கள், மாமாக்கள், அக்காக்கள். அவர்களில் யார் பெயரும் எந்தத் தெருவுக்கும் இல்லை.

மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிருஷ்ண மேனன் கவுன்சிலராக இருந்த லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் அவருக்கு பரோவின் கௌரவக் குடிமகன் என்ற மரியாதையைக் கொடுத்தது. அவருக்கு முன் அது பெர்னார்ட் ஷாவுக்குத்தான் கிடைத்திருந்தது. அந்தப் பகுதி மக்களுக்கு அவர் பிரதமரின் நண்பர் என்பது முக்கியமில்லை. நூலகத்துக்கு அலைந்த கவுன்சிலர், அவ்வளவுதான். அவர் அங்கே கவுன்சிலர் வேலையை விட்ட பிறகு கொடுத்தார்கள். பயன்பட்டவர்கள் பயன் தந்தவருக்குக் கொடுத்தது. எனக்கு அந்த மரியாதைதான் பெரிதாகத் தெரிகிறது.

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று. அமைச்சர், எம்.பி., ஆளுநர், தூதர் யாராக இருந்தாலும், பதவியை விட்டுப் பத்து வருஷம் ஆன பிறகுதான் அவர் பெயரைப் பரிசீலிக்க வேண்டும். அதற்குள் அவர் செய்தது விளைந்ததா என்று தெரிந்துவிடும். உயிரோடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தேர்தல் முடிந்து நிதானமாகக் கொடுங்கள்.

இரண்டு. அவர் மேல் தணிக்கைக் கேள்வியோ விசாரணையோ திறந்திருந்தால் அது முடியும்வரை நிறுத்தி வையுங்கள். என் மேனேஜருக்குச் செய்த அதே சீல் வைத்த கவர். வேறு எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

மூன்று. பொதுத்துறை ஊழியருக்கு இருக்கும் தடையை, அரசை நடத்துபவர்களுக்கும் சேர்த்து எழுதுங்கள். ஒரு வரி போதும்.

இதைச் செய்தால் பட்டியல் சின்னதாகும். தமிழ்நாட்டுக் கணக்கும் ஒன்றிரண்டு குறையும். குறையட்டுமே. மிச்சமிருக்கிற குளம் வெட்டிய கிழவருக்கும், நாதஸ்வரக்காரருக்கும், மலைக்கிராமத்து நர்ஸுக்கும் கிடைக்கும் விருதின் எடை கூடும். சில்லறைக் கள்ளநோட்டு கலந்தால் நல்ல நோட்டையும் சேர்த்துத்தான் விளக்கில் பிடித்துப் பார்க்கிறார்கள். கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியும்.

அடுத்த ஜனவரி 25 ராத்திரி குழுவில் "நம்ம ஆளுங்க எத்தனை பேரு?" என்று கேட்பதற்கு முன்னால், "இவங்க எந்த நாற்காலியில உட்கார்ந்துட்டு இதை வாங்கறாங்க?" என்று ஒருமுறை கேளுங்கள். பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள்.

திட்டுபவர்கள் கீழே திட்டலாம். ஆனால் வயிற்றெரிச்சல் என்று மட்டும் எழுதாதீர்கள். ரிடையர் ஆகும்வரை எனக்குத் தகுதியே இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதற்கப்புறம் ஒரு சுவர்க் கடிகாரம் கிடைத்தால் போதும்.